ஒதுங்கி நிற்பது நடுவுநிலை ஆகுமா?

நடுநிலை என்னும் சொல் இக்காலத்தில் மிக மலிவாய் விலைபோகும் சொற்களுள் ஒன்று. அடிப்பவனுக்கும் அடிபடுபவனுக்கும் இடையில் வாய்மூடி நிற்பவன் தன்னை நடுநிலையாளன் என்று சொல்லிக்கொள்கிறான்; ஊரும் அவனை அறிவுடையோன் என்று மெச்சுகிறது. மொழிச் சிக்கலிலோ இச்சொல்லுக்கு இன்னும் மதிப்பு மிகுதி. ‘மொழி வெறுங் கருவி, கருவிக்குக் கொள்கை எதற்கு? மொழியில் அரசியலைப் புகுத்தலாமா?’ என்று கேட்போர் எந்நாட்டிலும் உளர். அவர்கட்கு விடையிறுக்க நெடிய வாதம் வேண்டுவதில்லை. எசுபெராந்தோ இயக்கத்தின் வரலாற்றை எடுத்துக்காட்டினாலே போதும். நடுநிலையைத் தன் கொடியிலேயே எழுதிக்கொண்ட இயக்கம் அது. அந்நடுநிலை அதற்கு எதைத் தந்தது, எதைப் பறித்தது என்பதை மொழிப்பற்றாளர் ஒவ்வொருவரும் அறிதல் வேண்டும்.

எசுபெராந்தோவை ஆக்கியவர் இலூதவிக்கு சாமனோப். அன்று உருசியப் பேரரசின் ஆட்சியில் இருந்ததும் இன்று போலந்து நாட்டில் உள்ளதுமான பியாலிசுத்தோக்கு நகரில், 1859-ஆம் ஆண்டு, யூதக் குடும்பத்தில் பிறந்தவர். அந்நகரில் யூதர் இத்திசு மொழி பேசினர். போலந்தியர் போலிய மொழி பேசினர். ஆள்வோர் மொழி உருசியமாய் இருந்தது. செருமானியரும் பெலாருசியரும் தத்தம் மொழியோடு வாழ்ந்தனர். தெருவுக்கு ஒரு மொழி, மொழிக்கு ஒரு பகை என்று கிடந்த ஊரில் வளர்ந்த சிறுவனுக்கு, மொழி வேறுபாடே பகையின் வேர் என்று தோன்றியதில் வியப்பில்லை. பின்னாளில் கண் மருத்துவரான அவர், 1887-இல் வார்சா நகரில் தம் புதுமொழியின் முதல் நூலை வெளியிட்டார். தம் பெயரை மறைத்து ‘மருத்துவர் எசுபெராந்தோ’ என்று அதில் குறித்துக்கொண்டார். நம்பிக்கை கொண்டிருப்பவர் என்பது அச்சொல்லின் பொருள். அப்புனைபெயரே மொழிக்கும் பெயராயிற்று.

அம்மொழியின் திறத்தை மறுத்தல் அறமாகாது. அதன் இலக்கணம் 16 விதிகளில் அடங்கும், எழுதியவாறே ஒலிக்கும், வேரோடு ஒட்டுகளை அடுக்கிச் சொல்லாக்கும் அதன் முறை தமிழறிந்தார்க்குப் புதுமையாய்த் தோன்றாது. ஆயினும் அது யார்பக்கமும் சாராத மொழிதானா? அதன் வேர்ச்சொற்களுள் பெரும்பாலானவை இலத்தீனமும் அதன்வழி வந்த மொழிகளும் தந்தவை. எஞ்சியவற்றுள் மிகுதி செருமானியம், ஆங்கிலம், சிலாவிய மொழிகள் ஆகியவற்றினின்று கொள்ளப்பட்டவை. பிரெஞ்சுக்காரன் அம்மொழி நூலைத் திறந்தால் பக்கத்துக்குப் பக்கம் தன் உறவினரைக் காண்பான். சீனனும் தமிழனும் முதற்சொல் தொடங்கி இறுதிச்சொல் வரை அயலாரையே காண்பர். தந்தையை அம்மொழி ‘பாத்ரோ’ என்கிறது. தாய்க்கு அதில் தனிவேர் இல்லை. தந்தையின் பெயரோடு பெண்பால் ஒட்டைச் சேர்த்துப் ‘பாத்ரினோ’ என்கிறது. தாயும் தந்தையும் என்று தாயை முன்வைத்துப் பேசும் மக்களுக்கு, தந்தையினின்று தாயை வருவிக்கும் சொல்லமைப்பு நடுநிலையாய்த் தோன்றுமா? இது சாமனோப்பின் வஞ்சனை அன்று. அவர் நின்ற மண் ஐரோப்பிய மண். அம்மண்ணின் சாயல் அவர் மொழியில் படிந்தது. ஒருவன் தனியனாய் அமர்ந்து, எவர்க்கும் தீங்கு எண்ணாமல் ஆக்கிய மொழிக்கே ஒரு பக்கம் உண்டென்றால், வாளோடும் வணிகத்தோடும் வந்த மொழிகளுக்குப் பக்கமே இல்லை என்பார் கூற்றை எவ்வாறு நம்புவது?

இனி, இயக்கத்தின் கதைக்கு வருவோம். 1905-ஆம் ஆண்டு பிரான்சு நாட்டுப் பூலோன் நகரில் எசுபெராந்தியரின் முதல் உலக மாநாடு கூடிற்று. ஏறத்தாழ 700 பேர் திரண்டனர். அந்நாளில் பிரான்சில் திரேபசு வழக்கின் வெப்பம் தணிந்திருக்கவில்லை. யூதராகப் பிறந்த படைத்தலைவர் ஒருவர்மீது நாட்டைக் காட்டிக்கொடுத்ததாகப் பொய்க்குற்றம் சுமத்திச் சிறையிட்ட வழக்கு அது; நாட்டையே அது இரண்டாகப் பிளந்திருந்தது. எசுபெராந்தோ ஒரு யூதரின் படைப்பு என்பது பரவினால் மக்கள் வெறுப்பர் என்று பிரெஞ்சுத் தலைவர்கள் அஞ்சினர். அவர் பிறப்பு வெளிப்படாதவாறு பார்த்துக்கொண்டனர். மாநாட்டு மேடையில் படிப்பதற்காகச் சாமனோப் ஒரு வேண்டற்பா எழுதி வைத்திருந்தார். கிறித்தவரும் யூதரும் இசுலாமியரும் ஒரே இறைவனின் மக்கள் என்னும் கருத்து அதன் இறுதிப் பகுதியில் இருந்தது. அப்பகுதியை நீக்குமாறு வற்புறுத்தினர். அவரும் நீக்கிவிட்டே படித்தார்.

அதே மாநாட்டில்தான் இயக்கத்தின் நடுநிலை அறிவிக்கை ஏற்கப்பட்டது. நடுநிலையான மொழியொன்றைப் பரப்புவதே எசுபெராந்தியம். மக்களின் உள்வாழ்வில் அது தலையிடாது. நாட்டு மொழிகளை அகற்ற முனையாது. இவற்றுக்கு மேல் ஒருவர் கொள்ளும் நம்பிக்கை எதுவாயினும் அஃது அவருடைய தனிக்கருத்தே ஆகும் — இதுவே அவ்வறிவிக்கையின் சாரம். நாட்டு மொழிகளை அகற்றோம் என்ற உறுதி போற்றத்தக்கது. ஆனால் அதனோடு சேர்ந்து வந்த மற்றொன்றைக் காண்க. மூன்று சமயத்தாரும் உடன்பிறப்பினர் என்னும் எளிய அறவுரைகூடச் சொல்லத்தகாத அரசியல் ஆகிவிட்டது! மொழியை ஆக்கியவனின் இனப்பெயரை மறைத்தால்தான் நிற்கும் நடுநிலை யாருடைய நடுநிலை? யூதரை வெறுப்போர் உள்ளம் நோகாமல் காக்கும் நடுநிலை அது. பக்கம் சாரோம் என்றவர்கள் சாற்றிய அன்றே ஒரு பக்கம் சாய்ந்துவிட்டனர். வலியவன் பக்கம் சாய்வது சாய்வாகவே தெரிவதில்லை. தரை முழுதும் அப்பக்கமே சரிந்திருப்பதால் நேராய் நிற்பதுபோல் தோன்றுகிறது.

அடுத்த ஆண்டே வரலாறு விடையிறுத்தது. 1906 சூன் திங்களில் சாமனோப் பிறந்த பியாலிசுத்தோக்கிலேயே யூதர்கள் தெருவிலும் வீட்டிலும் கொன்று குவிக்கப்பட்டனர். அவ்வாண்டு செனீவா நகரில் கூடிய இரண்டாம் மாநாட்டில் சாமனோப் அக்கொலைகளை எடுத்துச் சொல்லியே பேசினார். எசுபெராந்தோ வணிகத்துக்கும் ஏந்துக்கும் மட்டும் உரிய கருவி என்போரை அவர் ஏற்கவில்லை. மாந்தரிடை உடன்பிறப்புணர்வும் நயன்மையும் தழைக்கவேண்டும் என்னும் ‘உள்ளெண்ணமே’ அம்மொழியின் உயிர் என்றார். அவ்வெண்ணத்தை அகற்றிய வெறுமொழிக்காகத் தாம் உழைக்கவில்லை என்பதை ஐயத்துக்கு இடமின்றி உணர்த்தினார். ஆக்கியவனே மொழிக்குக் கொள்கை உண்டு என்கிறான். பின்பற்றியவர்களோ கொள்கையைச் சொல்லாதே என்று அவன் வாயைப் பொத்துகின்றனர். இவ்விரண்டுக்கும் இடையிலான இழுபறியே அவ்வியக்கத்தின் பின்வரலாறு.

இவ்விடத்தில் ஒரு சொல்லாராய்ச்சி வேண்டும். திருக்குறளில் 12-ஆம் அதிகாரம் நடுவுநிலைமை பற்றியது. அங்கே நடுவுநிலைமை என்பது ஒதுங்கி நிற்றல் அன்று. பகைவர், அயலார், நண்பர் என்று பாராமல், அறம் எவர்பக்கம் நிற்கிறதோ அப்பக்கம் நிற்றலே நடுவுநிலைமை. துலாக்கோலை நடுவில் பிடிப்பது எந்தத் தட்டு தாழ்கிறது என்று காட்டுவதற்கே. இரு தட்டும் ஒன்றுதான் என்று பொய் சொல்வதற்கு அன்று. தட்டு தாழ்ந்த பின்னும் ‘எடையைச் சொல்லமாட்டேன், சொன்னால் ஒருவர்க்கு வருத்தம்’ என்பவன் துலாக்கோல் பிடிக்கத் தகாதவன். ஐரோப்பியர் வழங்கிய சொல்லை நடுநிலை என்று பெயர்த்துக்கொண்டதால் தமிழரும் மயங்குகின்றனர். எசுபெராந்தியர் பலர் கைக்கொண்டது நடுநிலை அன்று. அதற்குப் பொருத்தமான பெயர் ஒதுங்குநிலை.

சாமனோப்புங்கூட இம்மயக்கத்திலிருந்து முற்றும் விடுபட்டார் அல்லர். இளமையில் இத்திசு மொழிக்கு இலக்கணம் எழுத முனைந்தவர் அவர். அம்மொழி ஏளனத்துக்கு ஆளாகிக் கிடந்ததை அறிந்தவர். அத்தகையவரை 1914-இல், யூத எசுபெராந்தியர் அமைக்கவிருந்த தனிக் கழகத்தில் சேருமாறு அழைத்தபோது அவர் மறுத்து மடல் எழுதினார். ஒடுக்கப்பட்டோரின் தேசியம் தற்காப்பு ஆகையால் ஒடுக்குவோரின் தேசியத்தைவிடப் பொறுத்துக்கொள்ளத் தக்கது. ஆயினும் வலியோரின் தேசியம் இழிந்தது என்றால் மெலியோரின் தேசியம் அறிவுடைமை ஆகாது. ஒன்று மற்றொன்றை ஈன்று வளர்க்கிறது என்பது அவர் கருத்து.

பெருந்தகையாளர் ஒருவரின் கருத்தாயினும் தவறு தவறே. புலியின் பாய்ச்சலையும் மானின் கொம்பையும் ஒரே தட்டில் வைக்கும் வழக்கு இது. மானுக்குக் கொம்பு இருப்பதால்தான் புலி பாய்கிறதா? கொம்பை உதிர்த்துவிட்டால் புலி புல் தின்னுமா? வலிய இனத்தின் தேசியம் பிறர் மண்ணையும் வாயையும் பறிக்க எழுவது. மெலிந்த இனத்தின் தேசியம் தன் மூச்சை விடாமல் பிடித்துக்கொள்ள எழுவது. முன்னது நின்றால் பின்னதற்குத் தேவை குறையும். பின்னதை விட்டுவிட்டால் முன்னது நிற்காது, விரைந்து வரும். இவ்வுண்மையைச் சாமனோப்பின் குடும்பத்துக்கே வரலாறு குருதியால் எழுதிக்காட்டியது.

இட்லர் 1925-இல் வெளியிட்ட தன் நூலிலேயே எசுபெராந்தோ போன்ற உலகமொழியை யூதர் ஆதிக்கத்தின் கருவி என்று பழித்திருந்தான். 1933-இல் அவன் ஆட்சிக்கு வந்தான். அவ்வாண்டே தொழிலாளர் எசுபெராந்தோ அமைப்பு தடைசெய்யப்பட்டது. நடுநிலை பேசிய செருமானிய எசுபெராந்தோக் கழகம் என்ன செய்தது? உடன் உழைத்தோர் நசுக்கப்படுவதைக் கண்டு குரல் எழுப்பியதா? இல்லை. புதிய ஆட்சிக்குத் தன்னை இணக்கிக்கொண்டு பிழைக்கப் பார்த்தது. யூத உறுப்பினர்க்குக் கதவடைத்தது. யூதர் ஒருவர் ஆக்கிய மொழியின் கழகத்தில் யூதர்க்கு இடமில்லை! அதே 1933-இன் கோடையில் செருமனியின் கொலோன் நகரில் எசுபெராந்தோ உலக மாநாடும் நடந்தேறியது. அரசியலில் தலையிடோம் என்ற நெறி பழுதின்றிக் காக்கப்பட்டது. பயன் என்ன? 1935-இல் பள்ளிகளில் எசுபெராந்தோ கற்பித்தல் தடுக்கப்பட்டது. 1936-இல் கழகமே இருந்த இடம் தெரியாமல் கலைக்கப்பட்டது. மானத்தையும் விற்றார்கள், உயிரையும் காத்துக்கொள்ளவில்லை.

சாமனோப் 1917-இல் மறைந்துவிட்டார். அவர் மக்கள் மூவரும் இட்லரின் படை போலந்தைப் பிடித்தபின் கொல்லப்பட்டனர். மகன் ஆதாம் 1940-இல் சுட்டுக் கொல்லப்பட்டார். மகளிர் சோபியாவும் இலிடியாவும் 1942-இல் திரெபிளிங்காக் கொலைக்களத்தில் மாண்டனர். இலிடியா பகாய் நெறியைத் தழுவியவர். நாடு நாடாய்ச் சென்று எசுபெராந்தோ கற்பித்தவர். உலகம் முழுதும் ஒரு குடும்பம் என்று வாழ்ந்த அப்பெண்ணிடம் கொலைஞர் அவர் கொள்கையைக் கேட்கவில்லை; பிறப்பை மட்டுமே கேட்டனர். இனத்தை ஒருவன் மறக்கலாம். அவ்வினத்தின் பகைவன் மறப்பதில்லை.

நடுநிலையை எதிர்த்தோரும் அவ்வியக்கத்தில் உண்டு. அவருள் தலைமையானவர் இலாந்தி என்னும் பிரெஞ்சுக்காரர். நடுநிலை என்பது பொருளுடையோரின் போர்வை என்று சாடி, 1921-இல் தொழிலாளர்க்கெனத் தனி உலக அமைப்பைத் தோற்றுவித்தார். சாடியது சரி, சென்று சேர்ந்த இடமோ தவறு. 1931-இல் அவர் தரப்பினர் வெளியிட்ட கொள்கையறிக்கை தேசியம் என்பதையே மறுத்தது. நாட்டு மொழிகள் மறைந்தொழிவதை அது வரவேற்றது. அடிமைப்பட்ட இனங்களின் விடுதலைப் போருக்கும் துணைநிற்க மறுத்தது. எல்லாத் தேசியமும் ஒழிக என்ற குரல் எல்லாரையும் ஒப்ப ஒறுக்கும் குரல்போல் ஒலிக்கும். ஆனால் பிரெஞ்சுக்காரனின் மொழிக்குப் பள்ளியும் படையும் அறமன்றமும் காவலாய் உள்ளன. அதன் ஆட்சிக்கு உட்பட்ட பிரெத்தானியனின் மொழிக்கோ அவன் வீட்டு அடுப்படியே காவல். இரண்டையும் ஒருங்கே விடு என்றால் முதலில் அழிவது எது என்பதைச் சிறு குழந்தையும் சொல்லும்.

ஆள்வோர் பக்கமே சார்ந்து பார்த்தோரும் இருந்தனர். உருசியாவில் 1921-இல் தோன்றிய சோவியத்து எசுபெராந்தியர் ஒன்றியம், திரேசன் என்பாரின் தலைமையில் அரசுக்கு முழுத்துணையாய் நின்றது. 1937-இல் அத்திரேசனையே இசுத்தாலின் ஆட்சி சுட்டுக் கொன்றது, ஒன்றியமும் அழிந்தது. அயல்நாட்டாரோடு மடல் எழுதிப் பழகியதே குற்றமாயிற்று. முடியரசும் கொடுங்கோலும் தமக்கு அடங்காத மொழித்தொடர்பை என்றும் பொறா. குடியரசு என்னும் பெயர் தாங்கிய வல்லரசும் இதில் வேறுபட்டதில்லை. உலக நாடுகள் கழகத்தில் எசுபெராந்தோவுக்கு ஆதரவாய் எழுந்த முயற்சியைப் பிரான்சு முனைந்து எதிர்த்தது. 1922-இல் அந்நாட்டுக் கல்வியமைச்சர் பெரார் பள்ளிகளில் அம்மொழியைத் தடைசெய்தார். நாங்கள் எவர்க்கும் போட்டியில்லை என்று எசுபெராந்தியர் எத்தனை முறை சொன்னால் என்ன? தூதாண்மை மொழி என்னும் அரியணையில் தன் மொழியை அமர்த்தியிருந்தவனுக்கு, கைகூப்பி வருகின்றவனும் போட்டியாளனே.

ஆகவே ஒதுங்கி நின்றவர் பிழைக்கவில்லை, அடிபணிந்தவரும் பிழைக்கவில்லை. நிலைத்த புகழோடு நிற்பவர் யார்? அறத்தின் பக்கம் அஞ்சாது நின்றவரே. சப்பானியப் பெண் அசேகாவா தெரு என்பார் எசுபெராந்தோ வழியாகச் சீனர் ஒருவரை மணந்து 1937-இல் சீனம் சென்றார். தம் நாட்டுப் படை சீனத்தைச் சூறையாடுவதைக் கண்டு, 1938-இல் ஆங்கௌ நகர வானொலியில் சப்பானிய வீரர்களை நோக்கி அவர்கள் தாய்மொழியிலேயே போரின் கொடுமையை எடுத்துரைத்தார். தாய்நாட்டு இதழ் அவரை இரண்டகி என்று தூற்றியது. அவர் தளரவில்லை. 1947-இல், இளம் அகவையிலேயே, சீன மண்ணில் மறைந்தார். ‘பச்சை மே’ என்று பொருள்படும் அவர் எசுபெராந்தோப் பெயரை இன்றும் இரு நாட்டு எசுபெராந்தியரும் மதிப்போடு சொல்கின்றனர். துலாக்கோலை நேராய்ப் பிடித்து, தாழ்ந்த தட்டு தன் நாட்டுடையதே என்று உரக்கச் சொன்ன உண்மை நடுவுநிலையாளர் அவர்.

கத்தலோனிய மக்களும் இதற்கு நற்சான்று. எசுப்பானிய ஆட்சியின்கீழ்த் தம் மொழிக்கு உரிமை கேட்டு நின்ற அம்மக்களிடம் எசுபெராந்தோ வேரூன்றியது. 1909-இல் அவர்தம் தலைநகர் பார்சலோனாவில் உலக மாநாடும் கூடிற்று. அங்கு எழுந்த எசுபெராந்தோ அமைப்பு ‘எசுப்பானியன்’ என்னும் பெயரை ஏற்காமல் ‘கத்தலோனியன்’ என்னும் பெயரையே தாங்கியது. அவர்கள் கணக்கு எளியது: வீட்டுக்குத் தாய்மொழி, உலகுக்குப் பொதுமொழி, இடையில் வந்து இரண்டையும் விழுங்கும் ஆட்சிமொழிக்குப் பணிவதில்லை. இனப்பற்றும் உலக நேயமும் பகையல்ல என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டுமா?

பட்டபின் எசுபெராந்திய உலகமும் ஓரளவு தெளிந்தது. 1908 முதல் நடுநிலை பேசிவந்த உலக எசுபெராந்தோக் கழகம், போர் முடிந்து 1947-இல் வகுத்துக்கொண்ட சட்டத்தில், மாந்த உரிமைகளை மதித்தலைத் தன் பணிக்கு இன்றியமையாத நிலையாக எழுதிக்கொண்டது. 1996-இல் பிராகா நகரில் வெளியிடப்பட்ட அறிக்கை இன்னும் முன்சென்றது: மொழிகளுக்கிடையே ஏற்றத்தாழ்வு நிலவுவது குடியாட்சிக்கு முரண், மொழியுரிமையும் மொழிப்பன்மையும் காக்கப்படல் வேண்டும் என்று அது அறிவித்தது. 1905-இல் சொல்லத்தகாத அரசியலாய் இருந்தது 1996-இல் கொள்கையாயிற்று. ஏறத்தாழ ஒரு நூற்றாண்டும் எண்ணற்ற உயிர்களும் அதற்கு விலை.

பொதுமொழி என்னும் சொல் தமிழர்க்கும் புதியதன்று. 1938-இலும் 1965-இலும் அச்சொல்லின் பெயரால்தான் இந்தி அவர்கள் வாயிலில் வந்து நின்றது. எதிர்த்தவர்களை நோக்கி ‘மொழியில் அரசியல் வேண்டா’ என்று அறிவுரை கூறியோர் அன்றும் இருந்தனர், இன்றும் உளர். எவரையும் ஆளாத, ஒரு படையும் இல்லாத, நல்லெண்ணத்தில் பிறந்த எசுபெராந்தோவாலேயே பக்கமின்றி நிற்க முடியவில்லை. நாடாளும் அரசின் கருவூலமும் தேர்வும் பதவியும் துணைநிற்க வரும் மொழி, நடுநிலையான இணைப்பு மொழி என்று தன்னைச் சொல்லிக்கொண்டால், அதைக் கேட்டு நகைப்பதா, நம்புவதா?

மொழிக்குக் கொள்கை உண்டு. அக்கொள்கையை மறைப்போர் வலியவனுக்கு வாயில் திறக்கின்றனர். மொழிகாக்க எழுவோர் தம் கொள்கையை ஊரறியச் சொல்லுக. எவர் மொழியையும் அழிக்க எண்ணாதொழிக. தம் மொழியை அழிப்போர்க்கும் இடம் விடாதொழிக. இதுவே நடுவுநிலை. ஒதுங்கி நிற்போர் வேறு பெயர் தேடிக்கொள்க.